போர் தண்ணீரில் பூக்கும் வேலி: வேலூர் மனையில் 40 அடிக்கு ஒரு நடவுப் பதிவு

வேலூரில் செடி செத்தால் முதலில் பழி விழுவது வெயில் மேல். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் என்பதால் யாரும் மறுத்துப் பேசுவதும் இல்லை. ஆனால் வாடிய செடியின் அடியில் மண்ணைச் சுரண்டிப் பார்த்தால், பல இடங்களில் வெள்ளையாகப் பூத்த உப்புதான் கண்ணில் படும். சத்துவாச்சாரி, காட்பாடி, ராணிப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கத் தயங்குகிறது, வாளியின் உட்புறம் படிவு கட்டுகிறது. இங்கே செடியைத் தேர்ந்தெடுப்பது தண்ணீர், வெயில் இரண்டாவதுதான்.

வேலை நடந்தது காட்பாடிப் பக்கம் ஒரு வீட்டு மனையில். மேற்கு மதில் ஓரம், 40 அடி நீளம், 8 அடி அகலம். பிற்பகல் வெயில் முழுக்க விழும். மதில் சூடேறி ராத்திரி எட்டு மணி வரை அனலடிக்கும். வீட்டுக்காரர்களின் நிபந்தனை ஒன்றே ஒன்று: இரண்டாம் ஆண்டிலிருந்து தினமும் ஓஸ் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் கிடையாது.

நடுவதற்கு முன் மூன்று சோதனை

முதலில் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். ஆர்.ஓ. மெஷின் மாட்ட வருகிறவரிடமும் இருக்கும். 500-க்குள் காட்டினால் எதையும் நடலாம். 500 முதல் 1200 வரை என்றால் பெரும்பாலான புதர்ச்செடிகள் சமாளிக்கும். அதற்கு மேல் 2000 வரை அரளி, காகிதப்பூ, ஆவாரை போன்ற முரட்டு ஜாதிகள் மட்டும். இது கைக்கணக்கு, மண்ணில் வடிகால் எப்படி என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகும். இந்த மனையின் போர் 1400 காட்டியது.

அடுத்தது சுண்ணாம்பு. ஒரு பிடி காய்ந்த மண்ணில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுக் காதருகே பிடித்தால், சுண்ணாம்பு இருக்கும் மண் சுர்ரென்று பொங்கும். வீடு கட்டியபோது கொட்டிய சிமென்ட் கழிவு, பூச்சு வேலையில் சிந்திய கலவை எல்லாம் மதில் ஓரத்தில்தான் புதைந்திருக்கும். இங்கே மதிலிலிருந்து இரண்டடி வரை பொங்கியது. அந்த இரண்டடியை விட்டு, இரண்டரை அடி தள்ளிப் பின்வரிசை போட்டதற்கு அதுவே காரணம்.

மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குழி தோண்டியதும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் காலை பார்க்க வேண்டும். புது மனைகளில் கிராவல் கொட்டி, ஜேசிபி ஏற்றி மிதித்து மேடாக்கியிருப்பார்கள். அந்தக் கிராவலில் தோண்டிய குழி அண்டா மாதிரி. தண்ணீர் கீழே இறங்காது. ஏழு குழியில் இரண்டில் மறுநாளும் அரையடி நின்றது. கடப்பாரையால் அடியில் நாலைந்து இடத்தில் இன்னொரு முக்கால் அடி குத்தி உடைத்த பிறகு ஒன்று வடிந்தது. காகிதப்பூவுக்கு வைத்திருந்த வாசல் ஓரக் குழி மட்டும் மந்தமாகவே வடிந்தது. அது போதும் என்று விட்டதற்கான விலை பின்னால் வருகிறது.

எதை எடுத்தோம், எதை விட்டோம்

நர்சரியில் பூவைப் பார்த்து வாங்கினால் கை இட்லிப்பூவுக்கும் செம்பருத்திக்கும்தான் போகும். இரண்டும் அழகு. இரண்டும் இந்தத் தண்ணீருக்கு ஆகாது. இட்லிப்பூ புளிப்பு மண்ணில் வளர்கிற ஜாதி. சுண்ணாம்புத் தண்ணீர் தொடர்ந்து விழுந்தால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கொழுந்து இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்துச் சாயங்காலத்தில் தெளித்தால் ஒரு மாதம் பச்சை திரும்பும், பிறகு பழைய கதைதான். செம்பருத்தி தண்ணீர் குறைந்தாலே மாவுப்பூச்சிக்கு வாசல் திறந்து வைக்கும். கனகாம்பரத்துக்கும் நிழலும் ஈரமும் வேண்டும். மூன்றையும் விட்டாயிற்று. உண்ணிச்செடியும் வேண்டாம் என்று முடிவு. அதற்குத் தண்ணீரே வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் பழத்தைத் தின்னும் பறவை விதையைக் கொண்டுபோய் எங்கும் போட்டுவிடும். மலைக்காடுகளில் அது மண்டி நிற்பதைப் பார்த்தவர்கள் அதை வீட்டில் நட மாட்டார்கள்.

எடுத்தவை: பின்வரிசையில் வாசலிலிருந்து காகிதப்பூ, செவ்வரளி, மயில்கொன்றை, மஞ்சள் டெக்கோமா, வெள்ளரளி, மயில்கொன்றை, செவ்வரளி என்று ஏழு. ஒன்றுக்கொன்று ஆறடி. முன்வரிசை மூன்றடி தள்ளி: ஆவாரை மூன்று, இடையிடையே டிசம்பர் பூ ஆறு. தரையில் வெற்றிடம் தெரிகிற இடமெல்லாம் நித்தியகல்யாணி. அதை ஒருமுறை விட்டால் போதும், தானே விதைத்துக்கொள்ளும்.

ஆறடி என்றதும் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். நட்ட புதிதில் பல் விழுந்த வாய் போலத்தான் தெரியும். மூன்றடிக்கு ஒன்று நெருக்கி நட்டால் முதல் ஆண்டு போட்டோவுக்கு நன்றாக இருக்கும். இரண்டாம் கோடையில் ஒரே ஈரத்துக்கு இரண்டு வேர் அடித்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றாத தோட்டத்தில் இடைவெளிதான் தண்ணீர்.

அரளியைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட வேண்டும். உப்பையும் அனலையும் இதைப்போல் தாங்கும் பூச்செடி இங்கே வேறில்லை; ஆடும் கடிக்காது. கடிக்காததற்குக் காரணம், இலை, பூ, தண்டு, வேர் என்று எல்லாமே விஷம். இதயத்தைப் பாதிக்கும் விஷம். தவழும் குழந்தையோ எதையும் மெல்லும் நாய்க்குட்டியோ உள்ள வீட்டில் அரளிக்குப் பதில் இன்னும் இரண்டு டெக்கோமா வையுங்கள். மஞ்சள் பூவும் உருண்டைக் காயுமாக நிற்கும் பொன்னரளியை எந்த வீட்டுக்கும் நாம் சொல்வதில்லை. அந்தக் கொட்டை இன்னும் மோசம். கவாத்து செய்யும்போது கையுறை வேண்டும், பால் கண்ணில் படக்கூடாது. வெட்டிய கழியை மாட்டுக் கொட்டகைப் பக்கம் போடவும் கூடாது, அடுப்பில் எரிக்கவும் கூடாது.

ஆடி: குழியும் நடவும்

வேலூருக்குத் தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு. ஆடி, ஆவணியில் பகல் முழுக்க வெந்து சாயங்காலம் இடியோடு கொட்டும். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. ஆடியில் நட்டால் இரண்டு மழையும் கிடைத்து, பங்குனி வெயில் வருவதற்குள் வேருக்கு ஏழெட்டு மாதம் அவகாசம். தை மாதம் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று நடுகிறவர்களுக்குக் கிடைப்பது இரண்டே மாதம்.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. இதை நிரப்ப ஏறக்குறைய ஏழு பாண்டு (கட்டட வேலையில் மண் சுமக்கும் சட்டி) மண் பிடிக்கும். தோண்டிய மண்ணில் கருங்கல் ஜல்லியும் சிமென்ட் கட்டியும் பொறுக்கிவிட்டு நாலு பாண்டு, ஏரி வண்டல் இரண்டு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒன்று. அதோடு வேப்பம் புண்ணாக்கு 100 கிராம். வண்டல் சேர்ப்பது கிராவல் மண்ணுக்கு மட்டும். களிமண் மனையில் அதற்குப் பதில் மணல். தொழு உரத்தை அள்ளிக் கொட்டக் கூடாது. குழிக்குள்ளேயே எல்லாம் கிடைத்துவிட்டால் வேர் வெளியே போகாது, கோடையில் குழி காய்ந்ததும் செடியும் காயும். சாணம் மக்காமல் இருந்தால் கரையானுக்கு விருந்து.

லாரியில் வரும் நர்சரிச் செடிகளில் ஒரு வில்லங்கம் உண்டு. பயணத்தில் உதிராமல் இருக்கப் பிசுபிசுப்பான களிமண்ணில் அடைத்திருப்பார்கள். காய்ந்தால் செங்கல். அப்படியே நட்டால் ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றி ஓடிவிடும், உள்ளே வேர் வறண்டு கிடக்கும். பாத்தி ஈரமாகத்தான் இருக்கிறது, செடி மட்டும் வாடுகிறது என்றால் பாதி நேரம் இதுதான் சங்கதி. பையோடு வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி நிற்கும் வரை வைத்து, பையைக் கிழித்து வெளிப்புற ஓர் அங்குலக் களியை விரலால் உதிர்த்துவிட்டு நட வேண்டும். சுற்றிச் சுற்றி ஓடியிருக்கும் வேரை இரண்டு இடத்தில் பிளேடால் கீறலாம். காகிதப்பூவிடம் மட்டும் இந்த வேலை கூடாது. அதன் வேர் நொய்மையானது; மண் உருண்டை உடைந்தால் இலை கொட்டி நிற்கும். பையின் அடியை மட்டும் வெட்டி, குழியில் இறக்கிய பிறகு பக்கவாட்டைக் கிழித்து உருவ வேண்டும்.

அரளிக்குக் காசே வேண்டாம். பென்சில் கனத்தில், எட்டு அங்குல நீளத்துக்குப் போத்து வெட்டி, கீழ் இலைகளை உருவி, பாதி புதைய ஊன்றினால் மழைக்காலத்தில் ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும்.

மயில்கொன்றையும் ஆவாரையும் விதை. இரண்டுக்கும் ஆணிவேர் ஆழம் போகும், பையில் வளர்ந்து சுருண்டால் அந்த ஆழம் போய்விடும். ஆவாரை நர்சரியில் கிடைப்பதும் அபூர்வம். ரோட்டோரத்திலும் ஏரிக்கரையிலும் தானாக நிற்பதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? விதைத் தோல் கெட்டி. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைப் போட்டு ராத்திரி முழுக்க விட வேண்டும். (அடுப்பில் இருக்கும்போதே போட்டால் அவியல்தான்.) காலையில் ஊதிப் பருத்ததை மட்டும் எடுத்துக் குழிக்கு நாலு வீதம், அரை அங்குல ஆழத்தில். பருக்காததை மறுபடி வெந்நீரில் போடலாம். பத்து நாளில் முளைத்தது. ஒரு சாண் வந்ததும் திடமான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். பிடுங்கினால் நிற்பதன் வேரும் அசையும்.

முளைத்த இரண்டாம் வாரம் ஓர் ஆடு கேட்டுக்குள் புகுந்து ஒரு மயில்கொன்றைக் கன்றைத் தரைமட்டத்துக்கு மேய்ந்துவிட்டுப் போனது. கருவேல முள்ளை வளைத்துக் கட்டியது அதற்குப் பிறகுதான். முன்பே கட்டியிருக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து 16 மில்லிமீட்டர் சொட்டுநீர்க் குழாய். பின்வரிசைக்குத் தலைக்கு இரண்டு சொட்டி, முன்வரிசைக்கு ஒவ்வொன்று, ஆக 23. சொட்டியின் மேல் மணிக்கு 4 லிட்டர் என்று அச்சிட்டிருக்கும். அது ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தில். தொட்டித் தண்ணீர் மட்டம் தரையிலிருந்து 14 அடி என்றால் கிடைப்பது 0.4 பார் சொச்சம். அழுத்தம் பாதி அளவுக்கும் கீழே போனால் நீரோட்டம் அதே விகிதத்தில் குறையாது, வர்க்கமூலத்தில் குறையும். பாட்டிலை வைத்து அளந்தபோது மணிக்கு இரண்டரை லிட்டர். அப்படியானால் இரண்டு சொட்டி உள்ள ஒரு செடிக்கு 12 லிட்டர் போக இரண்டரை மணி நேரம் திறந்திருக்க வேண்டும். அரை மணியில் மூடிவிட்டு "சொட்டுநீர் போட்டும் காய்கிறதே" என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. அழுத்தத்தைத் தானே சமன் செய்யும் விலை கூடிய சொட்டிகளைத் தொட்டித் தண்ணீருக்கு வாங்க வேண்டாம். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அவை சரியாகவே வேலை செய்யாது.

உப்புத் தண்ணீரில் சொட்டி அடைப்பது நிச்சயம். தொட்டியை விட்டு இறங்கும் இடத்தில் 120 மெஷ் வடிகட்டி, குழாயின் கடைசி முனையில் கழற்றும் மூடி. மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து தண்ணீர் தெளியும் வரை ஓடவிட வேண்டும். அடைத்த சொட்டியைக் கழற்றி வினிகரில் ஒரு ராத்திரி போட்டால் பெரும்பாலும் பிழைக்கும்.

முதல் மூன்று வாரம் மழை இல்லாத நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள், செடிக்கு 5 லிட்டர். அப்புறம் மூன்று மாதம் வரை வாரம் இருமுறை, 8 லிட்டர். அதற்குப் பிறகு முதல் கோடை முழுக்க வாரம் ஒருமுறை, 12 முதல் 15 லிட்டர். நாளாக ஆக இடைவெளியும் கூடுகிறது, ஒரு தடவைக்கு ஊற்றும் அளவும் கூடுகிறது. இதன் சூட்சுமம் உப்பில் இருக்கிறது. தினமும் சாயங்காலம் ஓஸால் மேலோட்டமாக நனைத்தால் தண்ணீர் ஆவியாகும், உப்பு மேல் மண்ணிலேயே தங்கும், வேரும் ஈரத்தைத் தேடி அந்த உப்புக்குள்ளேயே மேலே வரும். ஆழமாக நனைத்தால் உப்பு கீழே இறங்குகிறது, வேரும் பின்னாலேயே இறங்குகிறது.

ஆர்.ஓ. கழிவு நீரைச் செடிக்கு விடலாமா என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். போர் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் கொஞ்சத் தண்ணீரில் கெட்டியாகி வருகிறது அது. 1400 உள்ளே போனால் கழிவில் 2000-ஐத் தாண்டும். மழைக்காலத்தில் அரளிக்கு மட்டும் விடலாம், கோடையில் எதற்கும் வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இதற்கு நேர் எதிர், உப்பே இல்லாதது. விருந்தாளி ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்த இரண்டு இட்லிப்பூச் செடிகள் தொட்டியில் அந்தத் தண்ணீரில்தான் பச்சையாக இருக்கின்றன.

மூடாக்குக்கு மல்லாட்டைத் தோல், அதாவது நிலக்கடலைத் தோல். நம் பக்கத்தில் செக்கு, மில் எங்கே கேட்டாலும் மூட்டையாகக் கிடைக்கும். மூன்று அங்குல கனம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒட்டிப் போட்டால் கரையான் தோலைத் தின்றுவிட்டுத் தண்டுக்கு ஏறும்.

கார்த்திகை: ஒரு சாவு

செத்தது காகிதப்பூ. வெயிலில் இல்லை, மழையில். மந்தமாக வடிந்ததே அந்த வாசல் குழி, நாலு நாள் விடாமல் பெய்த மழையில் நிரம்பி நின்றது. இலை மஞ்சளாகித் தொங்கியதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று யாரோ ஒரு வாளி ஊற்றியும் இருக்கிறார்கள். பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக, தோல் உரிந்து, நாற்றத்தோடு வந்தது. வறட்சியில் வாடிய இலை மொறமொறக்கும். வேர் அழுகி வாடிய இலை துவண்டு மெத்தென்றிருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு சாண் ஆழத்துக்குக் குச்சி விட்டுப் பார்த்த பிறகே வாளியைத் தூக்க வேண்டும்.

குழியை மூடி, அதே இடத்தில் முக்கால் அடி உயரத்துக்கு, மூன்றடி அகலத்துக்கு மேடு போட்டு, மறு ஆடி வரை காத்திருந்து புதுச் செடி வைத்தாயிற்று. இந்தத் தடவை நிற்கிறது. காகிதப்பூவுக்கு உரமும் தண்ணீரும் தாராளமாகக் கிடைத்தால் பத்தடிக்குக் கொடி ஓடும், நிறம் இருக்காது. நாம் பூ என்று சொல்லும் வண்ண இதழே இலையின் வேறு உருவம்தான். நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. நன்கு வேர் பிடித்த செடியில் இலை லேசாகத் துவளும் வரை பத்து நாள் காயவிட்டு ஒருமுறை ஆழமாக நனைத்தால் அரும்பு வைக்கும். பூத்து முடிந்த நுனியை ஒரு சாண் வெட்டிவிட்டால் அடுத்த சுற்று.

முதல் கோடை

அக்னி நட்சத்திரத்தில் டிசம்பர் பூ ஆறும் கருகிக் கூளமாயின. பிடுங்கச் சொன்னார்கள், நகத்தால் அடித்தண்டைக் கீறிப் பார்த்ததில் பச்சை இருந்தது. நாலு அங்குலம் விட்டு வெட்டியதில் ஆடி மழைக்கு ஐந்து துளிர்த்தன. மதிலோரப் பிற்பகல் வெயில் அதற்கு அதிகம்தான். கிழக்குப் பக்கம் என்றால் ஆறுமே தப்பியிருக்கும்.

அரளிக் கொழுந்தில் மஞ்சள் அசுவினி மொய்த்தது. மருந்து தேவையில்லை, ஓஸை அழுத்திப் பீய்ச்சி மூன்று நாள் அடித்தால் உதிரும், பொறிவண்டு வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் கொஞ்சம், வெயில் தாழ்ந்த பிறகு. உச்சி வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும். ஆவாரை இலையைத் தின்னும் பச்சைப் புழு வெளிர் நிற வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. இலை போனாலும் இரண்டு வாரத்தில் திரும்ப வருகிறது, விட்டுவிடலாம்.

டெக்கோமாதான் எல்லோரையும்விட வேகம். ஓராண்டில் ஏழடி. நீளக் காய்களை வெடிக்கும் முன் வெட்டாவிட்டால் விதை பறந்து பக்கத்து மனையெல்லாம் முளைக்கும், அக்கம்பக்கத்தில் சண்டை வரும். தையில் மயில்கொன்றையை இரண்டடிக்கும், அரளியில் கிழட்டுக் கிளைகளில் மூன்றில் ஒன்றை அடியோடும் கவாத்து செய்வது மட்டுமே வருடாந்தர வேலை.

இரண்டாம் ஆண்டில் பங்குனி முதல் ஆனி வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பின்வரிசைக்குத் தலைக்கு 20 லிட்டர், அதாவது ஒரு தண்ணீர் கேன். ஆவாரைக்கு அதுவும் இல்லை. தோல் பதனிட ஆவாரம் பட்டையை வண்டி வண்டியாக உரித்துக்கொண்டிருந்த வட்டாரம் இது. அவ்வளவு உரித்தும் அடியிலிருந்து தழைத்த செடிக்கு ஒரு மதில் அனல் பொருட்டா? போகிக்குக் காப்புக் கட்ட அக்கம்பக்கத்தார் இப்போது இங்கே வந்துதான் கொத்து ஒடிக்கிறார்கள். ஒடிக்கட்டும், அதுவும் கவாத்துதான். எல்லாக் கொத்தையும் கொடுத்துவிடாமல் இரண்டு கிளையில் காயை முற்றவிட்டு, பழுப்பாகித் தட்டினால் கலகலக்கும்போது பறித்து, வேப்பிலையோடு டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த ஆடிக்கு விதை.